சிட்செல் கதவைத் திறக்கிறாள்

நோரே கிளிட்
2 ஏப்ரல் 2009

திரு. தோர்கில் லாசன் அவர்களுக்கு,

உங்கள் முகவரியைக் கோபன்ஹேகன் திரைப்படச் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். தொலைபேசியை எடுத்த பெண் என் பெயரைக் கேட்டதும் "அய்யோ, சிட்செலா பேசுறீங்க!" என்று கூவினாள். நான் சிட்செல் இல்லை, உங்கள் படத்தில் அவளாக நடித்தவள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இயக்கிய 'பிராஸ்க்' படம் வந்து நாற்பது வருஷமாகிறது. வந்த வருஷம் அதைப் பார்த்தவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். இப்போது படம் எடுத்த இடத்தைப் பார்க்க என்று கோடை முழுக்க எங்கள் ஊருக்கு ஆள் வருகிறது. தங்களைப் பிராஸ்கியர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வந்துவிட்டுப் போகட்டும், கடைக்காரருக்கு நல்லதுதான். ஆனால் போன ஜூனில், நடுக்கோடைத் திருநாளான சாங்க்ட் ஹான்ஸ் மாலையில் நடந்ததைக் கேளுங்கள். கடற்கரையில் விறகு அடுக்கி, மேலே வைக்கோல் சூனியக்காரியை வைத்துக் கொளுத்துவது எல்லா ஊரிலும் நடப்பது. நானும் பாட்டுப் பாடி வளர்ந்தவள்தான். போன வருஷம் அந்தப் பொம்மைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தார்கள். கழுத்தில் பலகை. பலகையில் 'சிட்செல்'. தீ பிடித்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கோச்சு வண்டிக் காலத்தில் நிஜமாகவே வாழ்ந்த எழுத்தாளர் போவெல் பிராஸ்க் ஆயர்களையும் அரசியையும் பற்றி ஆபாசமாக எழுதினார், புத்தகங்களைச் சந்தையில் வைத்து எரித்தார்கள், கோட்டைச் சிறையில் செத்தார். அதில் சந்தேகமில்லை. அவர் மனைவி சிட்செல் பொறாமையில் அவருடைய எழுத்தையெல்லாம் ஆயரிடம் தூக்கிக் கொடுத்துக் காட்டிக்கொடுத்தாள் என்பது மட்டும் நீங்கள் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. அவள் துரோகி என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

போன வாரம் என் வெளிக்கதவில் ஒரு பிடி வைக்கோலை மஞ்சள் ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தோர்கில், எனக்குப் பயமாக இருக்கிறது. 'நீங்கள்' போட்டு எழுதிக் கை வலிக்கிறது, விட்டுவிடுகிறேன். செய்தித்தாளில் மூன்று வரி எழுது. 'அது என் கற்பனை' என்று போடு. நான் இந்த வீட்டில் நிம்மதியாகச் சாக வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

தொலைபேசியில் கூப்பிடாதே. பேச்சில் நீ ஜெயித்துவிடுவாய்.

அஸ்தா முன்கோல்ம்


கோபன்ஹேகன்
11 ஏப்ரல்

என் அருமை அஸ்தா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மூன்றாவது மாடிவரை மூச்சு வாங்காமல் ஏறிவிட்டேன். என் முழங்கால்களைக் கேட்டுப் பார், நம்பாது. கடிதம் மட்டும் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர்.

உனக்கு அவர்களைப் புரியவில்லை. அது வெறுப்பு இல்லை, அன்பு. பிப்ரவரியில் இங்கே ஒரு பழைய அரங்கில் படத்தைப் போட்டார்கள். நானும் போயிருந்தேன். நம் படத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததா! ஆயரின் மணிக்கட்டில் கைக்கடிகாரம். கோச்சு வண்டி போகும் பாதையில் டிராக்டர் தடம். பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். அன்றைக்கு விமர்சகர்கள் காறித் துப்பிய ஒவ்வொரு ஓட்டைக்கும் இன்றைய பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். கைக்கடிகாரம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து மணி கேட்கிறார்கள்!

பிராஸ்க் சந்தையில் மண்டியிட்டு 'நான் எழுதியது எல்லாம் பொய்' என்று சொல்கிறானே, அந்த இடத்தில் முன்வரிசை எழுந்து கத்துகிறது: "சொல்லச் சொன்னது யாரு?" பின்வரிசை பதில் கொடுக்கிறது: "சிட்செல்!" எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசியில் தீப்பந்தம் பிடித்த கூட்டம் உன் வீட்டு வாசலுக்கு வர, நீ கதவைத் திறந்து நிற்கிறாய். அந்த முகத்தைப் பார்க்க அரங்கமே எழுந்து நின்றது அஸ்தா. பக்கத்தில் இருந்த பையன் அழுதான். அந்த ஒரு முகத்துக்காகத்தான் படம் உயிரோடு இருக்கிறது. அதைப் போய் 'சும்மா சொன்னேன்' என்று எழுதச் சொல்கிறாயே.

எழுபத்தாறு வயதில் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். கொஞ்ச நாள் ஆடட்டும். உங்கள் ஊர்க் குழு இந்த வருஷம் சாங்க்ட் ஹான்ஸ் தீ மூட்டும்போது பேசும் தீயுரைக்கு என்னை அழைத்திருக்கிறது. வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

வைக்கோலைத் தூக்கிக் குப்பையில் போடு. உன் கணவர் நலமா?

தோர்கில்


நோரே கிளிட்
20 ஏப்ரல்

தோர்கில்,

ஸ்வென் போய் ஆறு வருஷமாகிறது. செய்தித்தாளில் வந்தது. நீ உன் பெயர் வரும் பக்கத்தை மட்டும் படிப்பவன்.

அன்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். நேற்று அந்த அன்பு என் வாசலில் வந்து நின்றது. முப்பது வயதுப் பெண், நல்ல மேலங்கி, கையில் கேக். பெயர் மாலெனெ, பல் மருத்துவரிடம் உதவியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். பாதிக் கோப்பையில் கேட்டாள்:

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"என்னத்தை?"

"அவர் உங்களை எவ்வளவு நேசிச்சாரு! அந்தக் காகிதத்தையெல்லாம் கொடுக்க எப்படி மனசு வந்துச்சு?"

"ஏம்மா, அது சினிமா. நான் சம்பளத்துக்கு நடிச்சேன். அதுலயும் பாதிச் சம்பளம் வரலை."

சிரித்தாள். "தெரியும், தெரியும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரை நிஜமா வஞ்சிச்சிருந்தாத்தான் அந்த முகம் வரும். நாங்க எல்லாரும் அதைப் பேசியிருக்கோம்" என்றாள். எத்தனை இதமாகச் சொன்னாள் தெரியுமா! அவள் போனபின் கதவைத் தாழிட்டேன். இந்த ஊரில் பகலில் யாரும் தாழிடுவதில்லை.

அவள் சொன்னதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. முதலில் எழுதிய கதையில் சிட்செல் நாலு வரி பேசும் நல்ல மனுஷி. நான் உன்னை விட்டுவிட்டு ஸ்வெனிடம் போனேன். உடனே சிட்செல் துரோகியானாள். நீ என்னைக் கூப்பிட்டு அந்தக் காட்சியைக் கையில் கொடுத்தபோது உன் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒப்பந்தம் இருந்ததால் நடித்தேன். கடைசிக் காட்சியில் எல்லாரும் புகழும் அந்த முகம் நடிப்பே இல்லை. அது உன்மேல் இருந்த பயம்.

பூசி மெழுகாதே. எழுது, இல்லையென்றால் எழுதமாட்டேன் என்று சொல்லிவிடு.

அஸ்தா


கோபன்ஹேகன்
6 மே

அஸ்தா,

அந்தக் காட்சியை மார்ச்சில் எழுதினேன். நீ போனது ஏப்ரலில். கணக்கு சரியாக இருக்கட்டும்.

படத்துக்கு ஒரு துரோகி தேவைப்பட்டாள். விசாரணைக் காட்சி எடுக்கக் காசில்லை. வீட்டுக்குள் ஒரு துரோகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றிலும் உன்னையே பார்க்கிறாய்.

யாரும் உன்னை ஒன்றும் செய்யப்போவதில்லை. வயதானால் ஊரே நம்மைப் பார்க்கிறது என்று தோன்றும். எனக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் நாற்பது வருஷம் எவனும் என்னைப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். அதை என் கையாலேயே கெடுத்துக்கொள்ளச் சொல்கிறாய். முடியாது.

தோ. லா.


நோரே கிளிட்
28 மே

ஸ்வென் விஷயம் மார்ச்சிலேயே உனக்குத் தெரியும், தோர்கில். நான் சொல்வதற்கு முன்பே தெரியும். கணக்கு இப்போது சரியா?

இனி உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வேறு யாரிடமும் சொல்லமுடியாததால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தோட்டத்துப் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி. என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. "யாரு?" என்றேன். கிட்டப் போனேன். வைக்கோல். கொடியிலிருந்த என் சட்டையை எடுத்து மாட்டி, பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு, கைகளை மடியில் வைத்திருந்தார்கள். நான் உட்காருகிற மாதிரியே.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

கடைக்காரர் பிரேபென்தான் தீக்குழுவின் தலைவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"விளையாட்டுக்குத்தானே அஸ்தாக்கா! உங்களைக் கௌரவப்படுத்துறாங்க. வேற எந்த ஊர்ல நடிகை இருக்கா?"

"என் சட்டையை எடுத்திருக்காங்க பிரேபென்."

"திருப்பித்தான் கொடுத்துட்டாங்களே!"

"சட்டைக்குள்ள நான் இருக்கிற மாதிரி வச்சுட்டுப் போயிருக்காங்க."

தலையைச் சொறிந்தார். "இந்த வருஷம் முந்நூறு பேர் வர்றாங்கக்கா. எல்லா வாடகை வீடும் நிரம்பிருச்சு. ஒரு மாலைப்பொழுது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்றார். போலீஸ்காரரும் இதையேதான் மரியாதையாகச் சொன்னார்.

மூன்று வாரமாக மழை இல்லை. என் கூரை நாணற்கூரை. அந்த மாலை ஊரே தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நடக்கப்போகிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

அஸ்தா


கோபன்ஹேகன்
9 ஜூன்

அஸ்தா,

அந்தப் பெஞ்சை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கைகள் மடியில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி. நீ சொன்னதுதான் உண்மை. மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். துறைமுகத்தில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை ஒரே மூச்சில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல காட்சி அது ஒன்றுதான், அதையும் வன்மத்தில் எழுதினேன். அதனால்தான் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

செய்தித்தாளில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். தீயுரைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். முந்நூறு பேரும் அங்கேதான் இருப்பார்கள், நான் சொன்னால் கேட்பார்கள். என் வாயாலேயே சொல்கிறேன். உரை தயார். 'நண்பர்களே, நான் எழுதியது எல்லாம் பொய்' என்று தொடங்குகிறது. சுற்றி வளைக்காமல் நேராக ஆரம்பிப்பதுதான் நல்லது, இல்லையா? பிறகு சிட்செலைப் பற்றியும் உன்னைப் பற்றியும்.

நீ கடற்கரைக்கு வராதே. வீட்டிலேயே இரு. முடித்துவிட்டு நானே வருகிறேன். வாசல் எதுவென்று எனக்குத் தெரியும்.

தோர்கில்


நோரே கிளிட்
14 ஜூன்

தோர்கில்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷம் கழித்து என்மேல் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, ஆனால் நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஒன்றே ஒன்று. மேடைக்குரலில் சொல்லாதே. உனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் தொண்டை மாறிவிடும். காபி கேட்கிற குரலில் சொல்.

புது உருளைக்கிழங்கும் வறுத்த ஹெர்ரிங் மீனும் செய்துவைக்கிறேன். வெங்காயம் இல்லாமல், தெரியும். அன்றைக்குக் கதவைத் தாழிடமாட்டேன்.

அஸ்தா


கோபன்ஹேகன்
26 ஜூன்

அஸ்தா,

நீ எங்கே இருக்கிறாய் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். இதைப் பிரேபென் மூலம் அனுப்புகிறேன். கிடைத்தால் ஒரு வரி போடு.

நான் சொன்னேன். கடவுள் சத்தியமாகச் சொன்னேன். முதல் வரிதான் சொன்னேன், அதற்குள் "சொல்லச் சொன்னது யாரு?" என்று முந்நூறு தொண்டையும் கிளம்பிவிட்டது. நான் படத்தின் வசனத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "இல்லை, இது நிஜம், உண்மையாவே பொய்!" என்று கத்தினேன். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு நன்றாக நடிக்கிறேன் என்றார்கள். யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள். அடுத்த காட்சி என்ன என்று அவர்களுக்கு மனப்பாடம். எனக்குத்தான் மறந்துவிட்டது.

வழியெல்லாம் தடுத்தேன். உன் வாசலில் வந்ததும் உன்னைத்தான் தேடினேன். புகையில் எதுவும் தெரியவில்லை. எனக்கு மூச்சு அடைத்துவிட்டது, யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். இதற்குமேல் ஒரு கிழவன் என்ன செய்யமுடியும், நீயே சொல்.

தோர்கில்


ஓல்போர்
2 ஜூலை

தோர்கில்,

ஸ்வெனின் தங்கை வீட்டில் இருக்கிறேன். இடது கையில் கட்டு. பெரிய காயம் இல்லை. வீடு போய்விட்டது. சுவர் நிற்கிறது, சுவரை வைத்து என்ன செய்ய. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. அதுவும் பொய்யில்லை. யாரும் கொளுத்தவில்லை. ஒரு பந்தம் கொஞ்சம் உயரமாகப் போனது, நாணல் காய்ந்திருந்தது. அந்தப் பந்தத்தைப் பிடித்திருந்தவள் மாலெனெ. "அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டு என் நாற்காலிகளை அவள்தான் வெளியே இழுத்துப்போட்டாள். பிரேபென் கடையைத் திறந்து எல்லாருக்கும் போர்வை கொடுத்தாராம். நல்ல மனிதர்கள். அவர்களை என்னால் திட்டக்கூட முடியவில்லை.

உன் முதல் வரியைக் கடிதத்தில் படித்தபோது எனக்கும் உறைக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பாதி. அதற்காக நான் உன்னைக் கோபிக்கவில்லை.

ஆனால் புகை என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லாமல் விடமுடியாது.

நான் கதவைத் திறந்தபோது புகை இல்லை. இரவு பத்து மணி ஆகியும் மறையாத கோடை வெளிச்சம் கடல் பக்கமிருந்து நேராக வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முகமும் தெரிந்தது. மீன் அடுப்பில் இருந்தது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்து ஓடிவந்து திறந்தேன். கூட்டம் அப்படியே அமைதியானது. உன்னை யாரும் தோளில் வைத்திருக்கவில்லை, இறக்கிவிட்டிருந்தார்கள். ஆப்பிள் மரத்தடியில் தனியாக நின்றாய். உன்னை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கும் உனக்கும் நடுவே ஒரு ஆள்கூட இல்லை. நாலு எட்டு வைத்திருந்தால் என் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். நீ வந்து நின்றிருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பார்கள், படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லையே.

நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

பின்னால் நகர்ந்தாய். ஒரு அடி, இன்னொரு அடி. குறுக்கே வந்த பையனை விலகச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தாய். அந்தக் கையசைப்பு எனக்குத் தெரியும், படப்பிடிப்பில் ஒரு முழுக் கோடைகாலம் அதற்குக் கீழ்ப்படிந்தவள் நான். கொஞ்சம் இடது பக்கம், முகத்தில் வெளிச்சம் விழட்டும்.

கூரை கருகும் வாசனை எனக்கு வந்துவிட்டது தோர்கில். வந்தும் நான் இடது பக்கம் நகர்ந்தேன்.

எனக்கு இனி எழுதாதே.

அஸ்தா